அப்ரின் கொடி

மைதீன் பீவி அடுப்படியிலிருந்து மகளைக் கூப்பிட்டாள். மகள் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியில் படர்ந்திருந்த கொடி திரும்பியது.

பொழுது சாய்கிற மஃரிப் பாங்குக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும். போடியில் அந்த நேரத்துக்கென்றே ஒரு வாசம் உண்டு. பகலெல்லாம் கிட்டங்கிகளில் கொட்டிக் கிளறிய ஏலக்காயின் நெடியும், மலையிலிருந்து இறங்குகிற சாரல் காற்றின் ஈரமும், தெருமுனைக் கடையில் பரோட்டாக் கல் காய்கிற எண்ணெய்ப் புகையும் ஒன்றாய்க் கலந்து வீட்டுக்குள் வந்து, கயிற்றில் காயப்போட்ட துணி, தலையணை உறை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். அன்றைக்கு அந்த வாசம் இல்லை. கிட்டங்கியிலிருந்து தரம் பிரிக்க வாங்கி வந்த காய் முறம் நிறைய அவள் மூக்குக்குக் கீழேயே கிடந்தது, அதுவும் மணக்கவில்லை. ஜன்னலில் பூத்திருந்த பூவின் தித்திப்பு மட்டும் வீடு முழுக்க நின்றது.

"ஏய் அப்ரின்! டம்ளரைக் கொண்டான்னு எத்தனை தடவை சொல்றது?"

பதினொரு வயதுப் பிள்ளை. கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, கணக்கு நோட்டைத் தரையில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். பேனா ஓடவில்லை. அவள் தலைக்கு மேலே, இலையில்லாமல் ஒரு முழ நீளத்துக்குத் தொங்கிய கொடியின் நுனி, தெருப்பக்கம் இருந்தது மெல்ல மெல்ல நகர்ந்து அடுப்படிப் பக்கம் வந்து நின்றது. சுவரில் காலண்டர் தாள் ஆடவில்லை. ஃபேன் ஓடவில்லை.

மைதீன் பீவி போய் மகளின் தோளைத் தொட்டாள். அப்புறம்தான் அவள் திரும்பினாள்.

"காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? நாலு தடவை கூப்பிட்டேன்."

"நீ வேற யாரையோ கூப்பிட்டேன்னு நெனச்சேம்மா" என்றாள் அப்ரின்.

அந்தக் கொடி வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மைதீன் பீவியின் புருஷன் ராஜா முகம்மதுவுக்குச் சொந்த ஜீப்பு. குரங்கணிக்கு மேலே இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கு அரிசி, பருப்பு, உரம் ஏற்றிக்கொண்டு போவான். இறங்கும்போது காய் மூட்டை லோடு. அப்படிப் போன இடத்தில்தான் தோட்டக் கூலியாட்களின் லயன் வீட்டில் இருக்கிற ஒரு பொம்பளை ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு முழம் கொடியைக் கொடுத்திருக்கிறாள்.

"ஜக்கம்மான்னு பேரு. எத்தனை வருசமா அரிசி எறக்குறேன், ஒரு நாளு முகங்கொடுத்துப் பேசுனதில்ல. அன்னைக்கு என்னடான்னா ஓடியாந்து ஜீப்பை மறிச்சு, வீட்ல புள்ளை இருக்கான்னு கேக்குது. ஒரு பொம்பளைப் புள்ளை இருக்குன்னேன். அப்ப அது கையால நடச்சொல்லு, அது பேரைச் சொல்லித் தண்ணி ஊத்தச்சொல்லு, வெரசாப் பூக்கும்னு சொல்லுச்சு" என்று சொல்லி, சாக்கை வாசலில் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

பேர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவதில் மைதீன் பீவிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அது மலைப் பழக்கம். ஏலத்தோட்டத்தில் நன்றாகக் காய்க்கிற தூரை யார் கண்டெடுத்தாரோ அவர் பேர்தான் அந்தச் செடிக்கு. அதிலிருந்து கன்று பிரித்து வேறு இடத்தில் வைக்கும்போது, முதல் தண்ணீரோடு அந்த ஆளின் பேரைச் சத்தமாகச் சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டால் நாலு இனம் கலந்து கிடக்கிற சரிவில் எது யார் கன்று என்று யாருக்கு நினைவிருக்கப்போகிறது? மலையோடு போக்குவரத்து உள்ள போடி வீடுகளிலும் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மைதீன் பீவி வீட்டுக் கொல்லையில் நிற்கிற கறிவேப்பிலைக்குக்கூடக் குருவம்மாள் என்றுதான் பேர், ராசிங்காபுரத்துக் குருவம்மாள் கொடுத்தது என்பதால்.

ஆக, அப்ரின் ஒரு பழைய பெயின்ட் வாளியில் மண்ணைப் போட்டு, கொடியை நட்டு, "அப்ரின்" என்று தன் பேரைத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். மைதீன் பீவியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பின்னால் அவள் தலையிலடித்துக்கொண்டாள்.

ரெண்டே மாதத்தில் ஜன்னல் முழுக்க ஏறிவிட்டது. தடித்த இலை. கொத்துக் கொத்தாகப் பூ. ஒவ்வொரு பூவும் சட்டைப் பொத்தான் அளவில், மெழுகில் செய்து வைத்த மாதிரி இருக்கும், நடுவில் சிவப்பாக ஒரு சின்ன நட்சத்திரம். பொழுது சாய்ந்தால் அதிலிருந்து தேன் சொட்டும். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். எதிர்வீட்டு ஈஸ்வரி மெழுகுப்பூ என்றாள். பள்ளிக்கூட டீச்சர் போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தேன்கொடி என்றார். தேவாரம் ரோட்டில் நர்சரி வைத்திருப்பவர் பீங்கான் பூ என்றார். ஜீப்பு டிரைவர் சுருளி, மலையாளத்துப் பக்கம் இதற்கு வேறு என்னமோ சொல்வார்கள் என்று யோசித்து யோசித்துப் பார்த்து நினைவு வராமல் போய்விட்டான்.

அந்தப் பேர்கள் ஒன்றும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எல்லாரும் கன்று கேட்டார்கள், எல்லாருக்கும் அப்ரின்தான் ஒடித்துக் கொடுத்தாள், அவளுக்குக் கைராசி என்று ஊரே சொன்னது. வாங்கிக்கொண்டு போனவர்கள் முறைப்படி முதல் தண்ணீரோடு "அப்ரின்" என்று சொன்னார்கள். தெருவில் பத்து வீடு, பள்ளிக்கூடத்து ஜன்னலில் ஒரு பாட்டில், ஆகப் பதினொன்று. அப்புறம் அந்தச் செடிக்கு அந்தத் தெருவில் ஒரே பேர்தான். அப்ரின் கொடி.

மைதீன் பீவி மகளைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது, பிள்ளைக்குக் கவனம்தான் வேறெங்கோ இருக்கிறது, போனைக் கையில் கொடுக்காதீர்கள் என்றார்.

பள்ளிக்கூடத்துக்கும் போனாள். பானுப்பிரியா டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"தினமும் பேரு வாசிச்சதும் முத ஆளா 'உள்ளேன் டீச்சர்'னு சொல்றாளே. நான் தலையைக் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாலும் அவ குரல் கணீர்னு கேக்கும். ஜன்னலோரமாத்தானே உக்காந்திருக்கா?"

மைதீன் பீவி வகுப்பை எட்டிப் பார்த்தாள். அப்ரின் ஜன்னலோரம் இல்லை. எதிர்ச் சுவரை ஒட்டி, கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். அவளுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் நடுவில் மூன்று பேர் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது. ஜன்னலில் ஊதா நிறப் பாட்டிலில் கொடி நின்றது.

அன்றிலிருந்து அவள் மகளை விட்டு நகரவில்லை. தலை பின்னும்போது கழுத்தடியில் ஒரு பிசுபிசுப்பு. வேர்வை என்று துடைத்தாள், விரலில் ஒட்டியது, நாக்கில் வைத்துப் பார்த்தாள். தித்தித்தது. பிள்ளையின் கன்னம் பளபளவென்று தடித்துக்கொண்டு வந்தது, தொட்டால் சில்லென்று இருந்தது. அதே சமயம் கொடியின் இலை வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் உள்ளங்கையைப் பிடித்த மாதிரி. அவள் வெடுக்கென்று கையை எடுத்த வேகத்தில் ஓர் இலை கிழிந்து வெள்ளையாகப் பால் வடிந்தது. கூடத்தில் அப்ரின் சத்தமில்லாமல் இடது காதைப் பொத்திக்கொண்டாள். காது மடல் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருந்தது. அதிலிருந்து வந்ததும் வெள்ளைதான்.

"இந்தாருங்க, புள்ளையைப் பாருங்க. கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறா" என்று அன்று சாயங்காலம் புருஷனிடம் அழுதாள்.

"ஏன் இப்படிப் பதறுற பீவி? கூப்பிட்டா நல்லாத்தானே பதில் சொல்றா?" என்றான் ராஜா முகம்மது. "அப்ரின், அத்தா பன்னு வாங்கியாந்திருக்கேன், எடுத்துக்க."

அவன் ஜன்னலைப் பார்த்துத்தான் அதைச் சொன்னான். பன்னை ஜன்னல் திட்டில்தான் வைத்தான். அப்ரின் அவனுக்குப் பின்னால், இரண்டு அடி தள்ளிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். திட்டில் ஏற்கெனவே நாலைந்து பன் இருந்தன, ஒன்றையும் யாரும் கடிக்கவில்லை. எல்லாவற்றிலும் எறும்பு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொழுது இறங்கும் நேரம். துணி எடுக்க மைதீன் பீவி வாசலுக்கு வந்தாள், மகளும் கூடவே வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனசு கேட்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தெருவைப் பார்த்துக்கொண்டே சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அப்ரின்!"

"இந்தா வர்றேம்மா" என்று எதிர்வீட்டு ஜன்னலில் கேட்டது.

"வர்றேம்மா" என்று அதற்கு அடுத்த வீட்டு மாடியில் கேட்டது.

முனையில். பால்காரர் வீட்டில். பூட்டிக் கிடக்கிற தையற்கடைக்குள். அவள் முதுகுக்குப் பின்னால் சொந்த வீட்டுக் கூடத்தில். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், அவள் பெற்ற பிள்ளையின் குரல். வர்றேம்மா. வர்றேம்மா. முந்தானையைப் பிடித்த பிள்ளையின் உதடு ஒட்டிக் கிடந்தது.

ஈஸ்வரி வாசலுக்கு வந்து சிரித்தாள். "என்ன பீவிக்கா, மகளைத் தேடுறியா? எங்க வீட்லதான் வெளையாடிக்கிட்டிருக்கா போல, சத்தம் கேட்டுச்சு."

"ஈஸ்வரி, இந்தா எங்கூட நிக்கிறாளே, கண்ணு தெரியலையா ஒனக்கு?"

ஈஸ்வரி உற்றுப் பார்த்தாள். கண் அப்ரின் மேல் பட்டது, நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. "ஆமா... ஆமாக்கா" என்று இழுத்துவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மைதீன் பீவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிட்டாள். புருஷனிடம் சொல்லவில்லை. தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றுகிற சுருளியின் ஜீப்பில் ஏறினாள். சுருளி தலையை எண்ணிவிட்டு, "பன்னெண்டு, போலாமா?" என்றான். அவள் எண்ணிப் பார்த்தாள். அப்ரினோடு பதின்மூன்று. மகளின் கையை இறுக்கிக்கொண்டாள். குரங்கணி தாண்டி வளைவில் ஏற ஏற மேகம் இறங்கி ரோட்டை மூடியது, காப்பித் தோட்டத்து ஈரமும் இலைக் குப்பை மக்கிய நாற்றமும் முகத்தில் அடித்தன, ஜீப்பிலிருந்த பொம்பளைகள் பேச்சை நிறுத்திவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அந்த அமைதியில் அவளுக்குத் தித்திப்பு வாசம் வந்தது. மகளிடமிருந்துதான் வந்தது.

ஜக்கம்மாள் லயனின் கடைசி வீட்டில் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் யார் என்ன என்று கேட்கவில்லை. முதலில் பிள்ளையைத்தான் பார்த்தாள். இத்தனை நாளில் ஈஸ்வரி, டீச்சர், சுருளி, பெற்ற தகப்பன் யாரும் பார்க்காத மாதிரி நேராக, முழுசாகப் பார்த்தாள். மைதீன் பீவிக்கு அதுவே அழுகையை வரவழைத்தது.

"ஜீப்புக்கார பாய் வீடா?"

"ஆமாக்கா. நீ குடுத்த கொடிக்கு என் மகளோட பேரைச் சொல்லித் தண்ணி ஊத்துனோம்."

"எத்தனை வீட்டுக்குக் குடுத்த?"

"பதினொண்ணு."

"அடி ஆத்தி!" ஜக்கம்மாள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "பதினொண்ணா? நான் மலைக்குக் கீழ ஒத்த எடத்துக்குத்தானே தாயி குடுத்தேன்!"

உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பின்வாசலில், மேகத்தினூடே கொஞ்சம் வெளிச்சம் விழுகிற பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். இருபத்தி ரெண்டு வயது இருக்கலாம். தடித்துப் பளபளத்த கன்னம். கண் சிமிட்டவில்லை. மேலே கூரை ஓட்டை மூடிக்கொண்டு கொடி படர்ந்து கிடந்தது.

"மேச்சோலைக் காட்டுல காத்துல ஒடிஞ்ச மரத்துல இதைக் கண்டு கொண்டாந்தவன் என் மகன்தான். கண்டவன் பேரைத்தானே வைப்போம்? கன்னையன் கொடின்னு வச்சோம். லயன்ல ஆளுக்கொரு கன்னு வாங்கிட்டுப் போனாக. அந்தக் கொடிக்குன்னு சொந்தமா ஒரு பேரு கெடையாது தாயி. நாமளாப் போயிப் பேரைக் குடுத்தோம். கைய நீட்டி வாங்கிக்கிருச்சு."

"எல்லாத்தையும் அறுத்துப் போட்டா?"

ஜக்கம்மாள் மகனின் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு விரல் இல்லை. இருந்த இடம் வழுவழுவென்று, ஒடித்த கொடி காய்ந்த மாதிரி இருந்தது.

"ஒரே ஒரு கொப்புதான் அறுத்தேன்" என்றாள்.

"அப்ப எதுக்கு எங்களுக்குக் குடுத்த? எம் புள்ளை ஒனக்கு என்ன பண்ணுச்சு?"

"வேற ஒரு பேரு கெடைச்சா மொதப் பேரை விட்டுரும்னு நெனச்சேன். பெத்தவ. வேற என்ன நெனப்பேன்? ஒங்க வீட்ல பூத்துருச்சா?"

"பூத்துச்சு."

ஜக்கம்மாளின் முகத்தில் ஓர் ஆசை வந்தது. அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. மகன் பக்கம் குனிந்து, பிச்சை கேட்கிற குரலில், "கன்னையா" என்றாள். அவன் அசையவில்லை.

"என்னம்மா?" என்றது கூரை.

"நாசமாப் போயிருவ" என்று மைதீன் பீவி கத்தினாள். "என் வயிறு எரியுது, நீ நாசமாப் போயிருவ!"

"போயாச்சு தாயி" என்றாள் ஜக்கம்மாள். தரையைப் பார்த்துக்கொண்டு மேலும் சொன்னாள். "நான் குடுத்தது ஊரான் வீட்டுப் பேரு. அது பத்தலையோ என்னமோ. பெத்தவ தன் பேரைக் குடுத்தா விட்டாலும் விடும்னு ஒரு நெனப்பு ஓடுது. எத்தனையோ நாளு சொம்பைத் தூக்கிட்டு வந்து கொடி முன்னால நின்னுட்டேன். வாய் வரலை. எனக்கு அம்புட்டுத் தைரியம் இல்ல."

பின்வாசலில் அப்ரின் போய்க் கன்னையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதீன் பீவி மகளை இழுத்து எழுப்பிக்கொண்டு கிளம்பினாள்.

இறங்குகிற ஜீப்பு முழுக்க அவளுக்கு ஒரே யோசனைதான். ஊரில் பிள்ளைக்கா பஞ்சம்? ஈஸ்வரி வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி ஒரு சொம்பு ஊற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்படி ஒரு நினைப்பு வந்ததே என்று அவள் உடம்பு கூசியது. வந்தது மட்டுமா, போடி எல்லை வரைக்கும் கூடவே வந்தது. கையைப் பார்த்தாள், கைக்குள் மகளின் கை சில்லென்று இருந்தது. ச்சீ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜக்கம்மாளுக்கு வராத வாய் எனக்கு வரும் என்று முடிவு செய்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மறுபடியும் அதே நேரம். மதுரை ரயில் கத்திக்கொண்டு கிளம்புகிற சத்தம் கேட்டது. கூடத்தில் லைட் போடவில்லை. ஜன்னலை மறைத்துக்கொண்டு கொடி. தேன் சொட்டுகிற சத்தம் கேட்டது, சிமென்ட்டுத் தரையில், ஒவ்வொன்றாக. அவள் சொம்பில் தண்ணீர் மொண்டாள். அப்ரின் சுவரோரம் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊற்றினாள்.

"மைதீன் பீவி" என்று சொன்னாள்.

வாளி தண்ணீரைக் குடித்தது. இலைகள் ஒன்றும் அசையவில்லை. சொட்டுவது நின்றது.

"அம்மா" என்றாள் அப்ரின்.

தொடவில்லை. கூப்பிடக்கூட இல்லை. பிள்ளை தானாகத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, அம்மா என்றாள். அவள் சொம்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். "அப்ரின், எந்தங்கம், என்னைப் பெத்த ஆத்தா" என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லி அழுதாள், மகள் ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினாள். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. சில்லென்றிருந்த பிள்ளையின் கன்னம்கூட இப்போது சில்லென்று இல்லை. அவள் கன்னத்தின் சூடும் பிள்ளை கன்னத்தின் சூடும் ஒன்றாகத்தான் இருந்தன.

பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் சொல்வதுபோலக் கேட்டது.

ஜீப்பு வந்து நின்றது. செருப்பைக் கழற்றும் சத்தம். லைட் எரிந்தது. ராஜா முகம்மது கையில் பரோட்டாப் பொட்டலத்தோடு உள்ளே வந்தான்.

"பீவி!" என்றான்.

யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள்.

"இந்தா வர்றேங்க" என்றது ஜன்னல்.

அவள் எழுந்தாள். அவன் முன்னால் போய் நின்றாள். இந்தாருங்க, நான் இங்க இருக்கேன், என்னைப் பாருங்க என்றாள். அவன் கண் அவள் மேல் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. வழியில் நிற்கிற தூணைச் சுற்றுவதுபோல அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தான். அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நின்றான். பிடித்த இடத்தைத் தடவி, பிசுபிசுத்த விரலை மூக்கில் வைத்துப் பார்த்தான்.

"இந்தப் பூவுல தேன் எங்கெங்கயோ சொட்டுது பீவி."

"நான்தான் நாலு கொப்பை ஒடிச்சுக் குடுத்துருவோம்னு சொன்னேன்ல. வேற லயன்காரவுக கேட்டாகள்ல, நாளைக்குக் கொண்டுபோங்க" என்றது அவளுடைய குரல். அவள் பேசுகிற மாதிரியே கடைசியில் கொஞ்சம் இழுத்து.

"அத்தா, எனக்கு ரெண்டு பரோட்டா" என்றது அப்ரின் குரல்.

அவன் சிரித்தான். அந்த லயன் ஆட்களுக்குக் கொடுக்கப் போகிற கொப்புகளை ஜன்னலில் கைவைத்து எண்ணிப் பார்த்துக்கொண்டான். தரையில் பேப்பரை விரித்தான். மூன்று தட்டு எடுத்து வந்தான். ஒன்றைத் தன் முன்னால் வைத்தான், இரண்டை ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தான். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டான். சால்னா ஊற்றினான். அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள், அவன் பேர், பிள்ளை பேர். தன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். அது வரவில்லை. எவ்வளவோ தேடினாள். என்னமோ மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ. பாட்டி பேர் என்று வைத்தது.

இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளை அவளை மெல்ல இழுத்து, சுவரோரமாகத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

அவர்களுக்கு எதிரே, லைட் வெளிச்சத்தில், ராஜா முகம்மது ஜன்னலைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு மலையில் நடந்ததையெல்லாம் கதைகதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கொடி இரண்டு குரலில் "ம்" கொட்டியது. இரண்டு தட்டிலும் தேன் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.